மருத மரத்துக்குக் குட்டை முள்

சொல்லாத ஓர் எச்சரிக்கையைச் சொன்னதாக நான் ஒரு விசாரணையில் சொன்னேன். அதனால் ஒருவன் வேலையை இழந்தான். அவன் பெயர் தீர்த்தன். மரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து கிடந்தவன் மேல், தவறும் அவனுடையதுதான் என்ற பழியையும் சேர்த்து ஏற்றினேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் எழுதலாம் என்று தள்ளினால், காலிரும்பு வாங்குவது எப்படி என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு எழுந்துபோய்விடுவேன். என் சுபாவம் எனக்குத் தெரியும்.

நம் ஊழியர் மலர் இதழுக்காக என்னிடம் கேட்டது காலிரும்பைப் பற்றித்தான். கம்பியில் உரசும் மரங்களைக் கழிக்க ஏறுகிறவர்களுக்குப் புதிதாக வாங்கப் போகிறார்களாம். காலுக்குச் சுகமாகவும் கொடுக்கிற விலைக்குப் பெறுமானமாகவும் இருப்பது எது என்று எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன். என்னைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியும் தீர்த்தனின் கதையும் வேறு வேறு அல்ல.

காலிரும்பைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. பாதத்தின் அடியில் ஒரு மிதி. அதிலிருந்து காலின் உட்புறமாக முழங்காலுக்குக் கீழ்வரை ஓடும் ஓர் இரும்புப் பட்டை. கணுக்காலில் ஒரு வார், கெண்டைக்காலில் ஒரு வார். உள்பக்கம், கணுவுக்குச் சற்றுக் கீழே, சாய்வாக ஒரு முள். இரண்டு காலிலும் கட்டிக்கொண்டு, அடிமரத்தையும் இடுப்பையும் சேர்த்து ஒரு கயிற்றைச் சுற்றிக்கொண்டு, முள்ளைக் குத்திக் குத்தி ஏற வேண்டும். கிளையில்லாமல் நெட்டையாக நிற்கும் மரத்தில் ஏற இதைவிட வழியில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், இன்று தர்மபுரி மாவட்டம் என்று சொல்கிற பகுதி சேலம் ஜில்லாவோடு இருந்தது. மொரப்பூருக்கும் பொம்மிடிக்கும் நடுவே ரயில் பாதையை ஒட்டிப் போகும் தந்திக் கம்பிகளுக்கு நான் லைன் இன்ஸ்பெக்டர். காலேஜில் இரண்டு வருஷம் படித்தவன் என்பதால் பயிற்சி சுருக்கமாக முடிந்தது. முடிச்சுப் போடவும், கம்பி இழுக்கவும், கடுதாசி எழுதவும் கற்றுக்கொண்டேன். மற்றதையெல்லாம் மாதவ ராவ் சொல்லிக் கொடுப்பார் என்று அனுப்பிவிட்டார்கள்.

மாதவ ராவ் எங்கள் மேலதிகாரி. ஓசூர்ப் பக்கத்துக்காரர், வீட்டில் கன்னடம். கூலி ஆளைக்கூட 'நீங்க' என்பார். முக்கியமான கேள்வி கேட்பதற்கு முன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிடுவார். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரில் இருப்பவர் முகம் அவருக்குப் புகைமூட்டம்தான். ஒருமுறை காரணம் கேட்டேன். "நான் மூஞ்சியப் பாத்தா மனுஷன் பயந்து எனக்குப் பிடிச்ச பதிலச் சொல்வான். நான் பாக்கலேன்னா அவனுக்குத் தெரிஞ்ச பதிலச் சொல்வான்" என்றார். பதில் வந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஆயித்து" என்பார். முடிந்தது என்று அர்த்தம். அதற்குமேல் அந்த விஷயம் பேசப்படாது.

ஒரு வருஷம் பழைய காலிரும்புகள் பலவற்றின் வார்கள் இற்றுப் போய்விட்டன. மதராஸ் கம்பெனி ஒன்றிலிருந்து இரண்டு மாதிரிகள் வந்தன. ஒன்றில் முள் நீளம், இன்னொன்றில் குட்டை. "ஆளுங்கள ரெண்டையும் கட்டி ஏறச் சொல்லுங்க. கம்பத்துலயும் ஏறட்டும், மரத்துலயும் ஏறட்டும். அப்புறம் வாங்குங்க" என்று மாதவ ராவ் சொல்லியிருந்தார்.

அன்று தூறல். மரங்கள் இருந்தது தொலைவில். மொரப்பூர் ஸ்டேஷனை ஒட்டி எங்கள் ஸ்டோர் வாசலிலேயே வழவழவென்று ஒரு தேக்குக் கம்பம் இருந்தது. அதில் ஏற்றிப் பார்த்தேன். நீள முள் கம்பத்துக்கு ஆகவில்லை. காலை மரத்திலிருந்து தள்ளி நிறுத்தியது, முழங்கால் வலித்தது. குட்டை முள்ளோ வெண்ணெயில் கத்தி போல இறங்கி, இழுத்ததும் வந்தது. கெண்டைக்காலில் மெத்தென்று தோல் அணை. விலையும் குறைவு.

"எப்படி இருக்குது?" என்றேன்.

"மாமியா வூட்டுக்குப் போட்டுக்கிட்டுப் போலாமுங்க" என்றான் தீர்த்தன், கம்பத்தின் மேலிருந்து. எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரி பொன்னன் உட்பட அத்தனை பேரும் குட்டை முள்ளையே கேட்டார்கள். நானும் அதையே வாங்கினேன். மரத்தில் ஏற்றிப் பார்க்கவில்லை. கம்பமும் மரம்தானே என்ற எண்ணம். காய்ந்து, பட்டை உரித்துச் செதுக்கிய மரத்துக்கும் பட்டையோடு நிற்கும் மரத்துக்கும் உள்ள வித்தியாசம், எழுத்துப் படித்த எனக்கும் படவில்லை, ஏறியே பழகிய அவர்களுக்கும் படவில்லை. சுகம் எல்லாரையும் ஒரே மாதிரி ஏமாற்றும்.

பொம்மிடிக்கு இந்தப் பக்கம், ஓடைப் பாலத்தருகே, கம்பிக்கு மேல் சாய்ந்தபடி ஒரு பெரிய மருத மரம் நின்றது. மருதம்பட்டையை மருந்துக்கு உரிக்கிறவர்களுக்கு அதன் குணம் தெரியும். தடித்து, சாம்பல் நிறத்தில், பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும். மழை விட்ட மறுவாரம் அதன் கிளையைக் கழிக்கப் போனோம். தீர்த்தன் புது இரும்பைக் கட்டிக்கொண்டு ஏறினான். கீழே பொன்னன் அவனிடம் ஏதோ வம்பு பேசிக்கொண்டிருந்தான். இரண்டு ஆள் உயரம் தாண்டியதும் பனையோலையைக் கிழிப்பது போல ஒரு சத்தம். அவன் மரத்தைக் கட்டிப் பிடித்தபடியே சறுக்கி வந்தான். இடுப்புக் கயிறும் கூடவே சறுக்கி வந்தது. அடியில் புடைத்திருந்த வேரில் கால் மோதியது.

அவனைத் தூக்கியபோது இரண்டு முள்ளிலும் உள்ளங்கை அகலப் பட்டை ஒட்டியிருந்தது. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். மறுபக்கத்தில் முள்ளின் நுனி எட்டிப் பார்த்ததே தவிர, வெளியே வரவில்லை. அவ்வளவு தூரமும் அவன் மரத்தில் ஏறவில்லை, பட்டையில் ஏறியிருக்கிறான். நான் வாங்கிக் கொடுத்தது மரத்தைத் தொடவே இல்லை. இது எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

விசாரணை மொரப்பூர் ஸ்டோரில் நடந்தது. தீர்த்தனை மாட்டு வண்டியில் கொண்டுவந்து, மூங்கில் பத்தை கட்டிய காலை நீட்டிப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். என் வேலை நிரந்தரமாகும் சமயம் அது. மாதவ ராவ் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இந்தக் குட்டை முள்ள மரத்துல ஏத்திப் பாத்தீங்களா?"

"இல்ல சார். இது கம்பத்துக்குன்னு வாங்கினது. மரத்துக்குப் பழைய இரும்பத்தான் கட்டணும்னு ஆளுங்ககிட்ட சொல்லியிருந்தேன்."

வார் கெடாத ஒன்றிரண்டு பழைய இரும்புகள் மூலையில் கிடந்தன. அதனால் பொய் அழகாகப் பொருந்தியது. மாதவ ராவ் பொன்னன் பக்கம் திரும்பினார். "மேஸ்திரி, நீங்க கேட்டீங்களா?"

"ஐயா சொன்னப்ப நான் கூட்ஸ் ஷெட்டுப் பக்கம் போயிருந்தேனுங்க" என்றான் பொன்னன். அவனுக்கும் நாளைக்கு என்னோடு வேலை பார்த்தாக வேண்டுமே.

பிறகு தீர்த்தன். அவன் என்னை ஒருமுறை பார்த்தான். கோபமாகக்கூட இல்லை. வழி தெரியாமல் நிற்பவனைப் பார்ப்பது போல.

"ஐயா சொல்லியிருந்தா சொல்லியிருப்பாருங்க. எனக்குத்தான் காதுல உளுந்திருக்காது."

நம் பக்கத்தில் நாலு பேர் முன்னால் ஒருவரைப் பொய்யன் என்பது அவரைக் கை நீட்டி அடிப்பதற்குச் சமம். தீர்த்தன் அதைச் செய்ய மாட்டான் என்று தெரிந்துதான் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன். பயத்தில் வாய் தவறி வந்தது என்று பல வருஷம் எனக்கே சமாதானம் சொல்லியிருக்கிறேன். அது உண்மையில்லை. யோசித்துத்தான் சொன்னேன்.

மாதவ ராவ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு "ஆயித்து" என்றார். சொன்ன பேச்சைக் கேளாமல் விழுந்தவன் என்று தீர்த்தனை வேலையிலிருந்து எடுத்தார்கள். என் வேலை நிரந்தரமாயிற்று.

அடுத்த அறுவடைக் காலத்தில் ஒருநாள் பொன்னன் பேச்சோடு பேச்சாக, "நம்ம செவுடனுக்கு ரயில் கேட்டு வேலையும் இல்லேன்னுட்டாங்களாமுங்க" என்றான்.

"எந்தச் செவுடன்?"

"தீர்த்தன்தாங்க. அப்படித்தான இப்ப கூப்புடறாங்க."

முறிந்த கால் குட்டையாகிவிட்டதால் ஏறும் வேலை இனி அவனுக்கு இல்லை. உட்கார்ந்து பார்க்கக்கூடியது ரயில்வே லெவல் கிராசிங்கில் கேட் மூடித் திறக்கும் வேலை. அதற்குப் போய் நின்றிருக்கிறான். 'பக்கத்தில் நின்று சொன்னதே காதில் விழாதவனுக்கு, ரயில் வருவது எப்படித் தெரியும்?' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரயிலடியில் பிழைக்கிறவனுக்குக் கால் போனாலும் ஏதாவது ஒரு வேலை உண்டு. காது போனால் ஒன்றுமே இல்லை. என் மானத்தைக் காக்க அவன் சொன்ன ஒரு வார்த்தை, ஊர் முழுக்கப் பரவி அவன் சோற்றை மறித்திருந்தது.

மறுநாளே அவன் வீட்டுக்குப் போனேன். பாதையிலிருந்து கூப்பிடு தூரத்தைவிடத் தள்ளி, அவரைக்காட்டு ஓரத்தில் வீடு. தீர்த்தன் காலை நீட்டிக் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி முனியம்மா முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கய்யா, வாங்க. ஏ, கட்டில எடுத்துப் போடு."

"ஓரக்கப் பேசுங்க சாமி" என்றாள் அவள், முறத்திலிருந்து தலையைத் தூக்காமல். "எங்க வூட்டுக்காரருக்கு மெல்லப் பேசினா கேக்காதுன்னு ஊரே சொல்லுது."

தீர்த்தன் சிரித்து மழுப்பினான். பிறகு சட்டென்று தலையைத் திருப்பினான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காற்றில் சோளத்தட்டை அசையும் சத்தம்தான். "பாசஞ்சர் பாலத்துல ஏறிடுச்சு. கேட்டுல இருந்தா இந்நேரம் சங்கிலிய மாட்டியிருப்பேன்" என்றான். நாங்கள் இன்னும் நாலு வார்த்தை பேசிய பிறகே ரயில் சத்தம் என் காதுக்கு எட்டியது.

"தீர்த்தா, அன்னைக்கு நான் அப்படிச் சொல்லவே இல்லைன்னு உனக்குத் தெரியும்தானே?"

"தெரியுமுங்க."

"பின்ன ஏன்?"

"நாலு பேரு முன்னால உங்கள எப்படிங்க பொய்யின்னு சொல்றது?"

முனியம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "அதே நாலு பேரு முன்னாலதான உங்களுக்கு நாக்கு வந்துச்சு, சாமி?"

அந்த அம்மாளுக்கு நான் பட்ட கடன் பெரிது. அவள் அன்று மரியாதை பார்த்திருந்தால், பழம் வாங்கிக் கொடுத்துவிட்டு நல்ல மனதோடு திரும்பியிருப்பேன்.

அங்கிருந்து நேரே மாதவ ராவிடம் போனேன். முழுக்கச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. பேசி முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 'ஆயித்து' வரும் என்று நின்றேன். வரவில்லை.

"என்கிட்ட சொன்னா எனக்குத்தான் தெரியும். அவரச் செவுடன்னு சொல்றவங்க எங்க இருக்காங்க?"

"நம்ம கேங்க் ஆளுங்ககிட்ட சார். ஊர்ல."

"அப்ப அங்க சொல்லுங்க. அந்த மரத்துக்கிட்டயே."

மருத மரத்தடியில் மாதவ ராவும் கேங்க் ஆட்கள் எல்லாரும் கூடினார்கள். தீர்த்தன் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தான். நான் சொன்னேன். குரல் தாழ்ந்துதான் வந்தது.

"இன்னொருக்காச் சத்தமாச் சொல்லுங்கய்யா" என்றான் தீர்த்தன். "எனக்குத்தான் காது கேக்காதே."

பொன்னன்தான் முதலில் சிரித்தான். பிறகு எல்லாரும். சத்தமாகச் சொன்னேன். "நான் எச்சரிக்கவே இல்ல. தீர்த்தன் காதுல ஒரு குறையும் இல்ல. தப்பு என்னோடது." அதன் பிறகு பொன்னனும் முன்னால் வந்து, தான் கூட்ஸ் ஷெட்டுக்குப் போகவில்லை என்று சொன்னான்.

தீர்த்தன் மாதவ ராவைப் பார்த்தான். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேனுங்க. ஐயா அந்தக் குட்டை முள்ளக் கட்டிக்கிட்டு ஒரு தரம் இதுல ஏறட்டும்."

மாதவ ராவ் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். ஒரு வடத்தைக் கிளைமேல் போட்டு, ஒரு முனையை என் இடுப்பில் கட்டினார்கள். மறுமுனையைப் பிடிக்க ஆள் வந்தபோது தீர்த்தன், "என்கிட்ட குடுங்க" என்றான். வேரில் காலை ஊன்றி உட்கார்ந்துகொண்டு பிடித்தான். பின்னால் பொன்னன் பிடித்தான்.

காலுக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை இப்போதும் சொல்ல முடியும். வார் உறுத்தவில்லை, முள் வலிக்காமல் இறங்கியது. எனக்கு மரம் ஏறத் தெரியும் என்றே தோன்றிவிட்டது. தலையுயரம் தாண்டியதும் வலது காலின் கீழ் மரம் நகர்ந்தது. மரமே நகர்ந்தது போலத்தான் இருந்தது. அடுத்த மூச்சில் இரண்டு காலுக்கும் கீழே ஒன்றுமில்லை. வடம் விண்ணென்று இறுகி, இடுப்பை அறுத்து, என்னை அந்தரத்தில் நிறுத்தியது.

"தெரியுதுங்களா?" என்று கீழிருந்து தீர்த்தனின் குரல்.

"தெரியுது."

"எனக்கு மேல இருந்து வடம் இல்லீங்க."

அவ்வளவுதான் சொன்னான். ஒரு சாண் கூடக் குலுங்கவிடாமல் மெல்ல மெல்ல என்னைத் தரையில் இறக்கினான். அவன் விட்டிருக்கலாம். பிடி வழுக்கியது என்றால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மாதவ ராவ் அப்போதுதான் "ஆயித்து" என்றார்.

வேலையில் என்னை ஒரு படி இறக்கினார்கள். எனக்குப் பின்னால் சேர்ந்தவர்களிடம் வெகுகாலம் உத்தரவு வாங்கினேன். அது சரிதான். கேட் வேலைக்கு அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டதால் அதைத் தீர்த்தனுக்கு என்னால் மீட்டுத் தர முடியவில்லை. குட்டையான கால் குட்டையாகவே இருந்தது. மாதவ ராவ் போராடி அவனை எங்கள் ஸ்டோரிலேயே வைத்துக்கொண்டார். காலிரும்பு, கயிறு, வார் எல்லாம் அவன் பொறுப்பு. வாங்குகிறவர் யாராயிருந்தாலும் முதலில் தாமே கட்டிக்கொண்டு அந்த மருத மரத்தில் ஏற வேண்டும், பிறகுதான் கையெழுத்து என்பது எங்கள் பகுதியின் வழக்கமாயிற்று. தீர்த்தன் கல்லில் உட்கார்ந்து, "இன்னும் ரெண்டு எட்டு ஏறுங்கய்யா, சம்பளம் வாங்கறீங்கல்ல" என்று விரட்டுவான்.

அப்படி ஏறி இறங்கித் தெரிந்துகொண்டதைத்தான் மலருக்குச் சொல்ல முடியும். முள் பட்டையைத் தாண்டி மரத்துக்குள் போக வேண்டும். அதனால் கம்பத்துக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக வாங்குங்கள். ஒன்றே போதும் என்பது சிக்கனம் அல்ல. காலோடு ஓடும் இரும்புப் பட்டையின் மேல்முனை முழங்கால் மூட்டுக்கு இரண்டு விரல் கீழே நிற்கட்டும். உயர்ந்தால் மடக்கும்போது இடிக்கும், தாழ்ந்தால் கெண்டைக்காலை அறுக்கும். ஆளுக்கு ஆள் கால் நீளம் வேறு என்பதால் ஒரே அளவில் மொத்தமாக வாங்காதீர்கள். நம் ஆட்கள் பூட்ஸ் போடுவதில்லை. குறுகிய மிதி உள்ளங்காலை வெட்டும், அகலமாகப் பார்த்து வாங்கித் தோல் வைத்துத் தையுங்கள். மட்டமான இரும்பு வாரத்துக்கு வாரம் அரம் கேட்கும், அராவ அராவ முள் குட்டையாகும். அப்புறம் அதுவும் நான் வாங்கியது போலத்தான். யுத்த காலத்தில் வெளிச்சரக்கு நின்றபோது, மொரப்பூர்க் கொல்லர் ஒருவர் லாரியின் ஸ்பிரிங் வில்லில் அடித்துக் கொடுத்தார். எருதுக்குத் தைக்கும் கம்பளி அணையைத் தீர்த்தன் கெண்டைக்காலுக்கு வைத்துத் தைத்தான். பார்க்க அசிங்கம்தான். ஆனால் அதைவிடச் சுகமான காலிரும்பை நான் கட்டியதில்லை.

இன்னொரு வழக்கமும் வந்தது. அதை யாரும் உத்தரவாகப் போடவில்லை. மரத்தில் ஆள் ஏறுவதற்கு முன் நான் எச்சரிக்கை சொல்லும்போதெல்லாம் தீர்த்தன் பின்னாலிருந்து உரக்கக் கேட்பான். "ஐயா சொல்லிட்டாரு. காதுல உளுந்திச்சா?" ஆட்கள் சிரித்துக்கொண்டே, "உளுந்திச்சு!" என்பார்கள். முதல் வருஷம் அது என்னைக் குத்தத்தான். ஒவ்வொரு தடவையும் குத்தியது. போகப் போக, ஏறுகிறவன் வாயால் 'உளுந்திச்சு' வராமல் யாரும் கயிற்றைத் தொடுவதில்லை என்றாகிவிட்டது. என்னை மன்னித்துவிட்டதாகத் தீர்த்தன் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அவனோடு அத்தனை வருஷம் வேலை பார்க்கக் கிடைத்ததே எனக்குப் பெரிய தயவு.

நான் ஓய்வு பெற்று, தீர்த்தனும் காலமான பிறகு, ஒரு பகலில் சேலத்துக்கு ரயிலில் போனேன். பொம்மிடிக்கு முன்னால் வண்டி சிக்னலுக்கு நின்றது. பாதையோரம் ஒரு வாகை மரத்தடியில் நாலைந்து பேர். எல்லாரும் புதுமுகங்கள், இளவட்டங்கள். ஒருவன் காலிரும்பு கட்டி, கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தான். மேஸ்திரி போல இருந்தவன் ஏதோ சொன்னான். வண்டிச் சத்தத்தில் எனக்கு அது கேட்கவில்லை. ஆனால் அடுத்துக் குரலை உயர்த்திக் கேட்டது தெளிவாகக் கேட்டது.

"காதுல உளுந்திச்சா?"

"உளுந்திச்சு!" என்றான் ஏறப் போகிறவன்.

அவர்களில் யாருக்கும் தீர்த்தனைத் தெரிந்திருக்காது. என்னையும் தெரிந்திருக்காது. அந்த இளைஞன் முதல் எட்டு வைத்து, முள் மரத்தில் இறங்கி நிற்பதைப் பார்த்தேன். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.